சி.பி.சி. ரிப்போர்ட்டை வரிவரியாகப் படிப்பது எப்படி: ரத்தத்தின் கூறுகள், குணங்கள், வேலைகள் – முழுமையான வழிகாட்டி

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒரு காய்ச்சல் என்றாகிவிடும். லேபிலிருந்து சி.பி.சி. (முழு ரத்த அணுக் கணக்கு) ரிப்போர்ட்டோடு வருகிறவரைப் பார்த்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிளேட்லெட் எவ்ளோ?" அந்த ஒரு வரியைப் பார்த்ததும் தாள் மடிக்கப்பட்டுவிடுகிறது. மற்ற வரிகளில்தான் பல நேரம் ஆபத்தும் தெரியும், ஆறுதலும் கிடைக்கும். அவற்றை எந்த வரிசையில் படிப்பது, எந்த எண்ணை எதனோடு சேர்த்துப் பார்ப்பது, எங்கே எண் பொய் சொல்லும் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். மருத்துவரிடம் போவதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் என்ன இருக்கிறது

வயது வந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 70 மி.லி. ரத்தம். 60 கிலோ எடை உள்ளவர் உடலில் சுமார் 4.2 லிட்டர் ஓடுகிறது. உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த குழாயில் ரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால் அது மூன்றாகப் பிரியும். மேலே நூற்றுக்கு 55 பங்கு வெளிர்மஞ்சள் பிளாஸ்மா. அடியில் 45 பங்கு சிவப்பணுக்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பங்குக்கும் குறைவான வெளுத்த படலம். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும், அதாவது பிளேட்லெட்டுகளும், அதில்தான் இருக்கின்றன.

பிளாஸ்மாவில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர், 7 பங்கு வரை புரதம். மீதியில் உப்புகள், சர்க்கரை, யூரியா, ஹார்மோன்கள். புரதங்களில் அதிகம் இருப்பது ஆல்புமின், 100 மி.லி.க்கு 3.5 முதல் 5 கிராம். ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் வேலை. கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டு ஆல்புமின் குறைந்தால் தண்ணீர் வெளியே கசிந்து கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். குளோபுலின்களில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் இருக்கின்றன. ஃபைப்ரினோஜென் உறைவதற்கு நூலாகிறது.

ரத்தத்தின் கார அமில நிலை 7.35 முதல் 7.45க்குள் இருந்தாக வேண்டும். நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றியும், சிறுநீரகம் அமிலத்தைக் கழித்தும், பைகார்பனேட்டும் ஹீமோகுளோபினும் இடையில் தாங்கியும் அதைக் காக்கின்றன. தண்ணீரைவிட ரத்தம் நான்கைந்து மடங்கு குழைவானது. உடலில் நீர் வற்றும்போது அந்தக் குழைவு கூடுகிறது. இதை நினைவில் வையுங்கள், டெங்கு பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

படி 1: ரத்தம் கொடுக்கும்போதே கவனியுங்கள்

தவறான ரிப்போர்ட்டுகளில் பெரும்பகுதி மெஷினில் பிறப்பதில்லை, ஊசி குத்தும் இடத்தில் பிறக்கிறது. சி.பி.சி. என்கிற முழு ரத்த அணுக் கணக்குக்கு வெறும் வயிறு வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குத்தான் 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம்.

கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் வெளியேறி அணுக்கள் அடர்ந்துவிடும். ஹீமோகுளோபின் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். விரல் நுனியில் குத்திப் பிதுக்கி எடுத்தால் எதிர்மாறு: திசுநீர் கலந்து குறைவாகக் காட்டும். ஸ்பிரிட் தடவியதும் அரை நிமிடம் உலர விட்டுத்தான் குத்த வேண்டும்.

சி.பி.சி.க்கு ஊதா மூடிக் குழாய். அதில் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கிறது. ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறையாமல் தடுக்கும். குறியிட்ட அளவு வரை நிரப்பி, எட்டு பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும். கவிழ்க்காமல் விட்டால் நுண்ணிய கட்டிகள் விழுந்து பிளேட்லெட் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். உறைதல் பரிசோதனைக்கு வெளிர்நீல மூடி. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால் பாதி நிரம்பிய குழாயைத் தள்ளிவிடுவார்கள். பல குழாய்களில் எடுத்தால் நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், ஊதா, சாம்பல் என்பதே வரிசை. ஊதாக் குழாய் மருந்து தப்பித் தவறி மஞ்சள் குழாயில் கலந்தால் பொட்டாசியம் எக்கச்சக்கமாகவும் கால்சியம் அடிமட்டமாகவும் வந்து வீண் பீதி கிளம்பும்.

குழாயில் உங்கள் பெயரும் வயதும் உங்கள் கண்ணெதிரே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

படி 2: அலகைப் பார்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள்

ஒரு லேபில் பிளேட்லெட் 1.2 லட்சம் என்று வரும். இன்னொன்றில் அதே அளவு 120 என்று வரும், பக்கத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் அடுக்கு எண் இருக்கும். 85 என்று பார்த்து அலற வேண்டாம், அது 85,000. வெள்ளையணு 6.5 என்றால் 6,500. ஒரே காய்ச்சலுக்கு நாளுக்கொரு லேபில் எடுப்பதைத் தவிருங்கள். மெஷின் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியாமல் போகும்.

படி 3: ஹீமோகுளோபின், பி.சி.வி., சிவப்பணு – மூன்றையும் சேர்த்து

சிவப்பணு நடுவில் குழிந்த வட்டம்; ஓட்டை போடாமல் அழுத்திவிட்ட மெதுவடை போல. அந்தக் குழிவால் பரப்பு கூடி ஆக்சிஜன் சுலபமாக ஏறி இறங்குகிறது, 7.5 மைக்ரான் அகல அணு அதைவிடக் குறுகிய தந்துகிக்குள் வளைந்து நுழையவும் முடிகிறது. அதற்கு உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் பிறந்து 120 நாள் ஓடி, மண்ணீரலில் உடைந்து, இரும்பு மட்டும் திரும்ப மஜ்ஜைக்குப் போகிறது. 'இன்னும் அணு வேண்டும்' என்று மஜ்ஜைக்குச் சொல்லும் ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்து வருகிறது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ரத்தசோகை வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் ஒவ்வொரு கிராமும் 1.34 மி.லி. ஆக்சிஜனைத் தூக்கும். 15 கிராம் உள்ளவரின் 100 மி.லி. ரத்தம் 20 மி.லி. சுமக்கும், 7.5 கிராம் உள்ளவருக்கு அதில் பாதிதான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருவருக்கும் 98 என்றே காட்டும், ஏனென்றால் அது நிரம்பிய விகிதத்தைச் சொல்லும், மொத்தச் சுமையைச் சொல்லாது. படி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்ணிடம் 'ஆக்சிஜன் நல்லா இருக்கே' என்று சொல்லி அனுப்பிவிடுவது இதைப் புரிந்துகொள்ளாததால்தான்.

ரத்தசோகை என்று சொல்லும் எல்லை: ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே, பெண்களுக்கு 12க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே. கர்ப்பத்தில் 7க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை.

பி.சி.வி. என்பது மொத்த ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆண்களுக்கு 40 முதல் 50, பெண்களுக்கு 36 முதல் 46. சாதாரணமாக ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பி.சி.வி. வர வேண்டும். 12 என்றால் 36 அளவில். 12க்கு 44 என்று வந்தால் நோயை யோசிக்கும் முன் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

படி 4: ரத்தம் ஏன் குறைந்தது என்பது எம்.சி.வி.யில்

'ரத்தம் கம்மி' என்றதும் டானிக் வாங்கிக் குடிப்பதுதான் நம் பகுதியில் வழக்கம். காரணம் தெரியாமல் குடிக்கும் டானிக் பல நேரம் வீண். எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இயல்பு.

80க்குக் கீழே இருந்தால் அணு சிறியது. பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறு) சிறுகூறு உள்ளவருக்கும், அதாவது அந்த மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கும், அணு சிறிதாகவே இருக்கும், அவருக்கு இரும்பு கொடுத்தால் பயனில்லை. பிரித்தறிய ஒரு எளிய கணக்கு உண்டு: எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுங்கள். எம்.சி.வி. 64, எண்ணிக்கை 5.6 என்றால் விடை 11.4. 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். மேலே வந்தால் இரும்புக் குறைவு. இது சந்தேகத்துக்கு மட்டும். உறுதிசெய்ய, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ஹெச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பார்க்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே முடிக்கும் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன் இந்தப் பரிசோதனையை இருவருக்கும் செய்வது நல்லது. இருவருக்கும் சிறுகூறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் தீவிரத் தலசீமியா வரும்.

100க்கு மேலே இருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு, குடிப்பழக்கம், தைராய்டு, கல்லீரல் கோளாறு இவற்றைப் பார்க்க வேண்டும். பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு பி12 இறங்கும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது.

இரும்புக் குறைவு என்று உறுதியானால் அது எந்த வழியில் போகிறது என்று தேடுங்கள். உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் இரும்புதான்; 1 மி.லி. ரத்தம் போனால் அரை மில்லிகிராம் போய்விடும். மாதவிடாயில் 80 மி.லி.க்கு மேல் போனால் அது அதிகம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் காரணமில்லாமல் இரும்பு குறையாது. குடலிலோ வயிற்றிலோ கசிவு இருக்கிறதா, மூலம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர் உடம்புவலிக்குத் தினமும் வலி மாத்திரை போட்டால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும். தாரைப் போலப் பிசுபிசுப்பான கறுப்பு மலம் அதன் அடையாளம்.

இரும்பு மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் பாதி சிகிச்சை அடங்கியிருக்கிறது. அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் தொடங்கித் தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். ரத்தசோகை ஏற்கெனவே இருந்தால் அளவை மருத்துவர் கூட்டுவார். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது. ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாக உறிஞ்சும். மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு, தாரைப் போலப் பிசுபிசுக்காத வரை பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல் இரவு சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் காரணம் வேறு. சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் கையிருப்பு நிரம்பாது.

சாப்பாட்டில், ரத்தத்தைக் கூட்டும் என்று பாட்டிமார் சமைத்துக் கொடுக்கும் சுவரொட்டியில் (ஆட்டு மண்ணீரல்) உண்மையிலேயே இரும்பு மிகுதி. ஆட்டு ரத்தப் பொரியலும், ஈரலும், மாட்டுக்கறியும் அப்படியே. இவற்றின் இரும்பு கீரையின் இரும்பைவிட நன்றாக உடலில் சேரும். கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், வைட்டமின் ஏ அளவு மீறும். பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்து அதை நம்பியிருப்பதில் பலனில்லை.

படி 5: வெள்ளையணு – சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றுங்கள்

மொத்தம் 4,000 முதல் 11,000. அதில் நியூட்ரோஃபில் 40–75 சதவீதம், பாக்டீரியாவை விழுங்கும். லிம்ஃபோசைட் 20–45, வைரஸை எதிர்க்கும், எதிர்ப்புப் பொருள் உண்டாக்கும். மோனோசைட் 2–10. இயோசினோஃபில் 1–6, ஒவ்வாமை, புழு. பேசோஃபில் ஒன்றுக்குள்.

மொத்தம் 3,000, லிம்ஃபோசைட் 60 சதவீதம் என்று வந்தால் லிம்ஃபோசைட் கூடிவிட்டதாக நினைக்காதீர்கள். 3,000இல் 60 சதவீதம் 1,800, அது இயல்பு. குறைந்தது நியூட்ரோஃபில்தான். டெங்குவின் முதல் நாட்களில் இப்படித்தான் வரும். வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி இருந்து, பிளேட்லெட் குறைந்தும் நியூட்ரோஃபில் கூடியும் இருந்தால் எலிக்காய்ச்சலை யோசிக்க வேண்டும். அதற்கு ஆன்டிபயாடிக் சீக்கிரம் தேவை. டைஃபாய்டில் வெள்ளையணு இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும், இயோசினோஃபில் பூஜ்யமாகும். முதல் வாரத்தில் வைடால் பரிசோதனையைவிட ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர்தான் நம்பகமானது. இயோசினோஃபில் எண்ணிக்கை 3,000க்கு மேலே ஏறி, இரவில் இருமல் விடாமல் இருந்தால் ஃபைலேரியாவின் (யானைக்கால் புழுவின்) விளைவாக இருக்கலாம். ஓட்டேரி நல்லா, பக்கிங்காம் கால்வாய் போன்ற சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் அதைப் பரப்புகிறது. அந்தப் புழுக்குஞ்சுகள் ரத்தத்தில் வெளிவருவது இரவு 10 முதல் 2 மணிக்குள். யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்கிறவர்கள் இரவில் வீடு தேடி வருவது அதனால்தான். கதவைத் திறந்து ஒத்துழையுங்கள்.

படி 6: டெங்குவில் பிளேட்லெட்டோடு பி.சி.வி.யையும் பாருங்கள்

பிளேட்லெட் இயல்பு 1.5 முதல் 4.5 லட்சம், ஆயுள் ஒரு வாரம் பத்து நாள். லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம்மிலும் குடத்திலும், அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை, அதன்பின் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம்.

டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல, பிளாஸ்மா கசிவு. ரத்தக் குழாய்களின் சுவர் இளகித் தண்ணீர்ப் பகுதி வெளியேறுகிறது. உள்ளே ரத்தம் குழைந்து, அழுத்தம் விழுகிறது. அதைக் காட்டும் எண் பி.சி.வி. முதல் நாள் இருந்ததைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள்: 40 இருந்தது 48 ஆவது. இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு முதல் நாள் பி.சி.வி. 30. நான்காம் நாள் 37. ரிப்போர்ட்டில் அது இயல்பு வரம்புக்குள் விழும், தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருக்காது. 'ரத்தம்கூட ஏறிடுச்சு' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அவர் உடலில் கசிவு நடக்கிறது. அதனால் காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளுக்குள் ஒரு சி.பி.சி. எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வரும் எண்களை லேபின் வரம்போடு ஒப்பிடாமல் அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள்.

காய்ச்சல் விட்டதும் வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, குழந்தை துவண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எண்ணுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் இருக்கும்போது நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை சிறுநீர் போகும் அளவுக்கு ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, மோர், இளநீர் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது. பப்பாளி இலைச் சாறு பிளாஸ்மா கசிவை நிறுத்தாது. அதைக் குடித்து வாந்தி எடுத்தால் இருக்கிற நீரும் போகும்.

ரத்தக் கசிவு இல்லாதவருக்குப் பிளேட்லெட் 10,000க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றிப் பேச்சு. 60,000க்கு ஏற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதவருக்குத் திடீரென 30,000 என்று வந்தால், ஊதாக் குழாய் மருந்தாலேயே தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெளிர்நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்து எண்ணி 1.1ஆல் பெருக்கினால் உண்மை தெரியும்.

படி 7: உறைதல்

காயம் பட்டால் குழாய் முதலில் சுருங்கும், தட்டணுக்கள் ஓடிவந்து அடைக்கும், பிறகு உறைதல் காரணிகள் அடுத்தடுத்து விழித்து ஃபைப்ரின் வலையைப் பின்னும். அந்தக் காரணிகளில் பலவற்றைக் கல்லீரல் வைட்டமின் கே கொண்டு செய்கிறது. இதய வால்வு மாற்றி, உறைதலைக் குறைக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணை மருத்துவர் சொன்ன வரம்பில் வைக்க வேண்டும். கீரையைத் திடீரென்று கூட்டினாலும் நிறுத்தினாலும் அது ஆடும். மணலி, மாதவரம் பக்கம் புதரில் பாம்பு கடித்து வருகிறவருக்கு ஆஸ்பத்திரியில் 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்க்கும்போது ஓடினால் விரியன் விஷம் உறைதலைக் கெடுத்துவிட்டது. 'ஏன் சும்மா நிக்கிறாங்க' என்று அந்த நேரத்தில் சண்டை போட வேண்டாம்.

படி 8: ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால்

ஏ, பி, ஓ வகைகளை 1900-01இல் கண்டறிந்தவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். ஏபி வகையை 1902இல் வேறு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் ஆர்.எச். காரணி அதன் பிறகு சேர்ந்தது. ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும்; ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கணவரின் ரத்த வகையும் எழுதிக் கொண்டுபோங்கள். கருச்சிதைவானாலும் இந்த ஊசி தேவைப்படலாம். 1952இல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே வகையினர் சாதாரணப் பரிசோதனையில் ஓ போலத் தெரிவார்கள், ஆனால் ஓ ரத்தமும் அவர்களுக்குச் சேராது. வகை பொருந்தினாலும் கிராஸ் மேட்ச் (இருவர் ரத்தத்தையும் கலந்து பார்ப்பது) தேவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தானம் கொடுக்க வயது 18 முதல் 65, ஹீமோகுளோபின் 12.5, எடை குறைந்தது 45 கிலோ, 450 மி.லி. எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. சிவப்பணுப் பையை 2–6 டிகிரியில், பையில் சேர்க்கும் பாதுகாப்புக் கலவையைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வைக்கலாம். பிளேட்லெட்டை 20–24 டிகிரியில் அசைத்தபடியே 5 நாள்தான். அதனால்தான் மழைக்காலத்தில் முன்கூட்டியே சேர்த்து வைக்க முடிவதில்லை. பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைக்கும் ஸ்டான்லிக்குக் கொடையாளர் தேவை என்று சேதி வந்தால் எல்லோரும் ஒரே நாளில் ஓடாமல், ரத்த வங்கியில் கேட்டு இரண்டு மூன்று பேராகப் போனால் பை வீணாகாது. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி ரத்தத்தை நேராக நோயாளிக்கே ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நெருங்கிய உறவின் வெள்ளையணுக்கள் அவர் உடலையே தாக்கும் அபாயம் உண்டு. கதிரியக்கம் செலுத்தாமல் அதை ஏற்றக் கூடாது.

ஒரு பை சிவப்பணு ஹீமோகுளோபினை ஏறத்தாழ 1 கிராம் உயர்த்தும். வங்கியிலிருந்து வந்த பையை 30 நிமிடத்துக்குள் தொடங்கி 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால் அணுக்கள் உடையும். ஏற்றும் முன் பையில் உள்ள வகையையும் எண்ணையும் நர்ஸ் நோயாளியின் பெயரோடு ஒப்பிட்டுப் படிக்கும்போது நீங்களும் கூடவே படியுங்கள். முதல் 15 நிமிடம் மெதுவாக ஏறும். அந்த நேரம் பக்கத்திலேயே இருங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்புவலி, மூச்சுத் திணறல், சிறுநீர் கறுத்துப் போவது என்று ஏதாவது தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பையையும் குழாயையும் குப்பையில் போட விடாதீர்கள். எது பொருந்தவில்லை என்று வங்கி கண்டுபிடிக்க அவை வேண்டும்.